ஷாஹிதும் ஷஹீதும்: ஒரு மிஸ்ரு நாட்டுப் பெருங்கதை

அரபு மொழியில் 'ஷஹித' என்னும் ஒரே வேரிலிருந்து இரு சொற்கள் கிளைத்திருக்கின்றன. ஒன்று ஷாஹித்; கண்டதைக் கண்டவாறு சொல்லும் சாட்சி. மற்றொன்று ஷஹீத், உயிரைக் கொடுத்தவர். நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த சொற்கள்தாம் இவை. சாட்சி சொல்வதற்கு உயிரோடு இருத்தல் வேண்டும். ஷஹீதாவதற்கு உயிரை விடுதல் வேண்டும். ஒரே வேரில் இவ்வாறு இரு நிலைகள் எப்படி அமைந்தன என்பதற்கு மொழிநூலார் பல விளக்கங்கள் தருவர். அவற்றுள் நாம் புகவில்லை. எகிப்து நாட்டின் விடுதலைக் காலத்தை எழுதிய ஒரு நாவலாசிரியர், இவ்விரு சொற்களையும் ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பியாக்கிக் காட்டியிருக்கிறார் என்பதே நாம் சொல்ல வந்தது.

அவர் நஜீப் மஹ்பூழ். 1911 டிசம்பர் 11ஆம் நாள் கெய்ரோவின் பழைய நகர்ப் பகுதியாகிய ஜமாலிய்யாவில் பிறந்தார். தத்துவம் பயின்று, வக்ஃபு அமைச்சகத்தில் பல்லாண்டுகள் ஊழியம் பார்த்துக்கொண்டே எழுதினார். 1988இல் நோபல் பரிசு பெற்றார். அரபு மொழியில் எழுதி அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே. 2006 ஆகஸ்ட் 30இல் மறைந்தார். அவருடைய முப்பெரும் நாவலின் முதற்பாகமாகிய 'பைனல் கஸ்ரைன்' 1956இலும், அடுத்த இரு பாகங்களாகிய 'கஸ்ருஷ் ஷவ்க்', 'அஸ்ஸுக்கரிய்யா' ஆகியவை 1957இலும் நூலாக வெளிவந்தன. மூன்றும் தெருப்பெயர்கள். 'இரு அரண்மனைகளுக்கு இடையே' என்னும் முதற்பெயரைக் கேட்டு அரண்மனைக் கதை என எண்ணிவிட வேண்டா. ஃபாத்திமிய்ய கலீஃபாக்களின் இரு மாளிகைகள் எதிரெதிரே நின்ற இடத்துக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. மாளிகைகள் போய் நூற்றாண்டுகள் ஆயின. நாவலில் உள்ளது ஒரு மளிகை வணிகரின் வீடுதான்.

இந்நூல்களை நம்மவர் இல்லங்களில் வைக்கலாமா என்னும் கேள்வியை நாம் ஒதுக்கிவிட்டுச் செல்ல முடியாது. 1959இல் 'அல்அஹ்ராம்' நாளிதழில் தொடராக வந்த அவருடைய வேறொரு நாவல் அஸ்ஹர் ஆலிம்களின் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. அதன் தொடர்ச்சியாக, 1994இல், எண்பத்திரண்டு வயது முதியவரான அவரை ஓர் இளைஞன் கழுத்தில் கத்தியால் குத்தினான். அந்நாவலின் வழக்கு வேறு. அதை இங்கே விசாரிக்கவில்லை. ஆனால் அதன் நிழல் இம்முந்நூலின் மீதும் விழுந்துவிட்டது. போதாக்குறைக்கு, இதன் கதைத் தலைவர் பகலில் ஐவேளைத் தொழுகையாளி. இரவில் மதுவும் பாடகிகளும். இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் படிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கேட்பது நியாயமே.

இதற்கு விடையாக ஃபிக்ஹு நூல்களிலிருந்தே ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறோம். சாட்சியங்கள் பற்றிய பாடத்தை ஓதியவர்கள் அறிவார்கள்: சாட்சி என்பவன் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். பரம்பரை, மரணம் முதலிய சிலவற்றில் மட்டுமே ஊரார் சொல்லக் கேட்டதும் ஏற்கப்படும். மற்றொரு விதி இன்னும் நுட்பமானது. தன் மகனுக்குச் சாதகமாகத் தகப்பன் சொல்லும் சாட்சியம் தள்ளப்படும். அதே தகப்பன் மகனுக்குப் பாதகமாகச் சொன்னால் அது ஏற்கப்படும். ஏன்? சொந்தத்தின் பக்கம் சாய்வது மனித இயல்பு. அச்சாய்வை மீறி ஒருவன் பேசும்போது அவன் சொல்லுக்குப் பொய்யின் ஆதாயம் இல்லை. விடுதலைப் போர் பற்றிய நூல்கள் பெரும்பாலும் தகப்பன் மகனுக்குச் சொல்லும் சாட்சியங்களாகவே இருக்கின்றன. நம் தலைவர் மாசற்றவர், நம் மக்கள் ஒரே குரலில் எழுந்தனர், எதிரி ஒருவனே தீயவன் என்பதே அவற்றின் பல்லவி. மஹ்பூழ் தம் தெருவுக்கும் தம் வீட்டாருக்கும் பாதகமாகச் சாட்சி சொல்கிறார். அவர்கள்மீது உயிரையே வைத்திருந்தும் சொல்கிறார். ஆகவேதான் அந்தச் சாட்சியம் செல்லுபடியாகிறது.

கண்ணால் கண்டாரா என்னும் முதல் விதியையும் பார்த்துவிடுவோம். 1919இல் எகிப்து முழுதும் ஆங்கிலேயருக்கு எதிராகக் கொந்தளித்தபோது மஹ்பூழ் ஏழு வயதுச் சிறுவர். கெய்ரோவின் பைத்துல் காளி சதுக்கத்தை நோக்கிய தம் வீட்டுச் சாளரத்திலிருந்து ஊர்வலங்களையும் துப்பாக்கிச் சூட்டையும் கண்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். முதற்பாகத்தில் வரும் கமாலும் ஒரு சிறுவன்தான். சாளரம் எந்தத் திசையில் திறக்கிறதோ அந்தத் திசையை மட்டுமே அவர் எழுதினார் என்பதைப் பின்னர் காண்போம்.

கதை 1917இல் தொடங்குகிறது. ஆங்கிலேயர் 1882இலேயே எகிப்தைப் பிடித்தவர்கள். 1914 டிசம்பரில் அதைத் தங்கள் காப்பாட்சி நாடு என்று அறிவித்தனர். முதல் உலகப்போர் நடக்கிறது. கெய்ரோ வீதிகளில் ஆஸ்திரேலியச் சிப்பாய்களின் அட்டகாசம். ஆனால் நாவலின் முதற்காட்சியில் இவை எதுவும் இல்லை. நள்ளிரவில் ஒரு பெண் விழித்தெழுந்து, களிப்பு முடிந்து வீடு திரும்பும் கணவருக்காக விளக்கோடு காத்திருக்கிறாள். அவள் அமீனா, ஓர் ஆலிமின் மகள். பதினான்கு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் கணவர் செய்யிது அஹ்மது அப்துல் ஜவாது, நஹ்ஹாஸீன் என்னும் கன்னார் தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். கடையில் சிரித்த முகம், நண்பர் வட்டத்தில் நகைச்சுவை மன்னர், பள்ளிவாசலில் உருக்கமான தொழுகையாளி. வீட்டுக்குள் நுழைந்தால் சுல்தான். அவர் இருமினால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள்.

1918 நவம்பர் 13ஆம் நாள் ஸஅத் ஸக்லூலும் இரு தோழர்களும் ஆங்கிலேய உயர் ஆணையர் விங்கேட்டைச் சந்தித்து நாட்டின் விடுதலையைக் கோரினர். நீங்கள் யாருடைய பிரதிநிதிகள் என்னும் கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக நாடெங்கும் ஒரு தாள் சுற்றுக்கு விடப்பட்டது. எங்கள் சார்பில் பேச இவர்களுக்கு அதிகாரம் அளிக்கிறோம் என்று மக்கள் கையெழுத்திட்டனர். அரபியில் அதற்குப் பெயர் 'தவ்கீல்'. ஃபிக்ஹில் 'வகாலத்' என்று நாம் ஓதும் பாடம் அதுவே. நம் ஊர் நீதிமன்ற வாசலில் 'வக்காலத்து' என்று வழங்குவதும் அதுவே. ஒரு நாடு முழுவதும் சேர்ந்து வக்காலத்துத் தாளில் கையெழுத்திட்டு அரசியலுக்குள் நுழைந்த நிகழ்ச்சி இது.

அத்தாள் செய்யிது அஹ்மதின் கடைக்கும் வருகிறது. நண்பர் ஒருவர் கொண்டுவருகிறார். இவர் கையெழுத்திடுகிறார், உள்ளம் நிறைந்து மகிழ்கிறார். தம் நாட்டின் சார்பில் ஸஅத் பேசலாம் என்று வக்காலத்துக் கொடுத்த அதே கை, தம் வீட்டில் எவருக்கும் எதைப் பற்றியும் பேச வக்காலத்துக் கொடுத்ததில்லை. மகன் யாரை மணப்பது, மகளை யாருக்குக் கொடுப்பது, மனைவி சாளரத்தில் எவ்வளவு தூரம் தலை நீட்டலாம் என்பவையெல்லாம் அவர் ஒருவரின் ஆணை. ஆசிரியர் இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி ஒரு சொல்லும் சொல்வதில்லை. கையெழுத்துக் காட்சியை எழுதுகிறார். அடுத்து வீட்டுக் காட்சியை எழுதுகிறார். அவ்வளவே.

இரண்டாம் மகன் ஃபஹ்மீ சட்டக்கல்லூரி மாணவன். 1919 மார்ச் 8இல் ஸஅத் கைதாகி மால்டாத் தீவுக்கு நாடு கடத்தப்பட, மறுநாள் மாணவர்கள் வீதிக்கு வருகின்றனர். ஃபஹ்மீ அவர்களோடு சேர்ந்து துண்டுப் பிரசுரங்கள் வழங்குகிறான். தந்தைக்குத் தெரியாது. வீட்டின் முன்னேயே ஆங்கிலேயச் சிப்பாய்கள் கூடாரமடிக்கின்றனர். கடைக்குட்டி கமால் அச்சிப்பாய்களோடு நட்பாகிவிடுகிறான். அவர்களுக்குப் பாட்டுப் பாடிக் காட்டி மிட்டாய் வாங்கித் தின்கிறான். மூத்தவன் யாசீன் ஒரு சிப்பாயோடு பேசியதைக் கண்ட ஓர் அஸ்ஹர் மாணவன், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஹுசைன் பள்ளிவாசலுக்குள்ளேயே அவனை ஒற்றன் என்று கைநீட்டுகிறான். கூட்டம் பாய்கிறது. ஃபஹ்மீயை அறிந்த போராட்டக்காரர் ஒருவர் குறுக்கிட்டுக் காப்பாற்ற, அதனாலேயே ஃபஹ்மீயின் இரகசியம் தந்தைக்கு வெளியாகிறது. தேசப்பற்று வெறியாகி நிரபராதியின் மீது பாயும் அந்தச் சில நிமிடங்களை மறைக்காமல் எழுதியிருப்பது, இச்சாட்சியின் நேர்மைக்கு நாம் காட்டக்கூடிய முதற்சான்று.

அன்று வீட்டில் நடப்பது இந்நூலின் உச்சம் என்பது நம் கருத்து. தந்தை குர்ஆனை நீட்டி, இனி இவ்வேலைகளில் ஈடுபடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்கிறார். வாழ்நாளில் அவர் சொல்லைத் தட்டாத மகன் கையைப் பின்னிழுத்துக்கொள்கிறான். தந்தை கோழையல்லர், துரோகியுமல்லர். போராடுபவர்களுக்காக அவர் உருகுகிறார், பணம் கொடுக்கிறார். ஆனால் போராட்டம் பிறர் பிள்ளைகளுக்குரியது. தம் பிள்ளைகள் வேறு வகை. நம்மில் எத்தனைத் தகப்பன்மார் இவ்விடத்தில் வேறு விதமாக நடந்திருப்போம்? நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார வைக்கும் பக்கங்கள் அவை.

ஆங்கிலேயர் அந்தத் தந்தையையும் விட்டுவைப்பதில்லை. தகாத ஓர் இல்லத்திலிருந்து நள்ளிரவில் திரும்பும்போது சிப்பாய்கள் அவரைப் பிடித்து, பாபுல் ஃபுதூஹ் வாயிலருகே போராட்டக்காரர்கள் தோண்டிய பள்ளத்தை மண்ணால் நிரப்பச் செய்கின்றனர். வீட்டில் மலையாக நின்றவர், பிடிபட்ட அண்டை அயலாரோடு மண் சுமக்கிறார். இதை நாம் இருவகையாகப் படிக்கலாம். அந்நியன் நம் பெரியவர்களை இழிவுசெய்தான் என்பது ஒன்று. எங்கிருந்து திரும்பும்போது பிடிபட்டார் என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை என்பது மற்றொன்று. புகழ்மாலை தொடுப்பவராயின் அவரைப் பள்ளிவாசலிலிருந்து திரும்ப வைத்திருப்பார்.

1919 ஏப்ரல் 7இல் ஸஅத் விடுதலை செய்யப்படுகிறார். மறுநாள் வெற்றி ஊர்வலம். அரசின் அனுமதி பெற்ற அமைதியான ஊர்வலம். ஆபத்தான நாள்களிலெல்லாம் உயிர் தப்பிய ஃபஹ்மீ, ஆபத்து நீங்கிவிட்டதென்று எல்லாரும் நம்பிய அந்த நாளில் குண்டடிபட்டு வீழ்கிறான். மூன்று இளைஞர்கள் கடைக்கு வந்து தந்தையிடம் செய்தி சொல்கின்றனர். அவர் வீடு நோக்கி நடக்கிறார். அமீனாவிடம் எப்படிச் சொல்வது என்பதே அவர் எண்ணம். வீட்டினுள்ளிருந்து கமாலின் பாட்டுக்குரல் வருகிறது. ஸையித் தர்வீஷ் இசையமைத்த ஒரு காதற்பாட்டு. முதற்பாகம் அங்கே நின்றுவிடுகிறது. ஷஹீத் வெளியே கிடக்கிறான். ஷாஹித் ஒன்றும் அறியாமல் உள்ளே பாடிக்கொண்டிருக்கிறான்.

அமீனாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தாய்வீடு செல்வதைத் தவிர, மணமாகிக் கால் நூற்றாண்டாக அவள் வெளியே போனதில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஹுசைன் பள்ளிவாசலின் மினாராவை மாடியிலிருந்து பார்த்து ஏங்குவாள். தெருவை மஷ்ரபிய்யா என்னும் மரச்சல்லடைச் சாளரத்தின் துளைகள் வழியே பார்ப்பாள். கணவர் போர்ட் ஸையிதுக்குச் சென்ற ஒருநாள், பிள்ளைகளின் தூண்டுதலால், கமாலைக் கைப்பிடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகிறாள். திரும்பும்போது மோட்டார் மோதித் தோளெலும்பு முறிகிறது. எலும்பு கூடும்வரை பொறுத்திருந்த கணவர், கூடியதும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். இதைப் படித்துவிட்டு இதுவா இஸ்லாமியக் குடும்பம் என்று கேட்கும் பிறமதத்தார் உண்டு. இஸ்லாத்தை இழிவுபடுத்துகிறார் என்று ஆசிரியரைச் சாடும் நம்மவரும் உண்டு. இரு சாராரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. பள்ளிவாசலுக்குப் போனதற்காக மனைவியைத் துரத்துபவர் மதுக்கிண்ணத்தோடு இரவைக் கழிப்பவர். அந்த வீட்டின் சட்டம் ஷரீஅத்தின் சட்டமன்று, வீட்டுக்காரரின் சட்டம். பெண்களும் பள்ளிவாசலும் பற்றிய நபிமொழிகள் ஆலிமின் மகளாகிய அமீனாவின் காதில் விழாமலா இருந்திருக்கும்? அவளும் அந்தச் சட்டத்தை மார்க்கமென்றே நம்பியிருந்தாள் என்பதில்தான் துயரம் இருக்கிறது. 1919 மார்ச் 16இல் கெய்ரோப் பெண்கள் வீதியில் ஊர்வலம் சென்றது வரலாறு. இந்த வீட்டுப் பெண்கள் அதில் இல்லை.

முதற்பாகம் 1919 ஏப்ரலில் முடிகிறது. இரண்டாம் பாகம் 1924இல் தொடங்குகிறது. இடையில் என்ன ஆயிற்று? 1922 பெப்ருவரி 28ஆம் நாள் எகிப்து சுதந்திர நாடென்று பிரிட்டன் ஒருதலையாக அறிவித்தது. நான்கு விஷயங்களைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டது. 1923இல் அரசியல் சட்டம் வந்தது. பள்ளிப் புத்தகங்களில் பெரிய எழுத்தில் அச்சாகும் இவ்விரு நிகழ்ச்சிகளும் நாவலின் இரு பாகங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் விழுந்துவிடுகின்றன. அந்த ஐந்தாண்டுகள் இவ்வீட்டுக்கு மகனை இழந்த துக்க காலம். தந்தை களியாட்டங்களை விட்டிருந்த காலம். இது தற்செயலன்று என்றே கொள்கிறோம். 1952 ஜூலைப் புரட்சிக்கு முன்பே மஹ்பூழ் இம்முந்நூலையும் எழுதி முடித்துவிட்டார். ஆங்கிலேயப் படையின் கடைசிச் சிப்பாய் சூயஸ் கால்வாய்ப் பகுதியை விட்டு நீங்கியது 1956 ஜூனில். ஆக, ஒரு நாட்டின் விடுதலைப் பயணத்தைச் சொல்லும் இப்பெருங்கதையில் விடுதலை நாள் என்று ஒன்று இல்லவே இல்லை. போய்ச்சேர்ந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்து எழுதுபவனுக்கு வழியெல்லாம் நேராகத் தோன்றும். மஹ்பூழ் வழியில் நின்றுகொண்டே எழுதினார்.

இரண்டாம் பாகத்தை விரைந்து கடக்கலாம். கமால் இளைஞனாகி ஒரு செல்வக் குடும்பத்துப் பெண்மீது கொண்ட ஒருதலைக் காதல் பக்கம் பக்கமாக நீள்கிறது, பாதியாகக் குறைத்திருக்கலாம். தந்தையும் மூத்த மகனும் ஒரே பெண்ணிடம் சிக்குவது போன்ற தற்செயல்கள் மேடை நாடகத்துக்குப் பொருந்தும். இவ்வளவு பெரிய கலைஞருக்குப் பொருந்தா. இரண்டு காட்சிகளை மட்டும் குறிப்போம். சட்டம் படித்துப் பெரிய உத்தியோகம் பெறுவான் என்று தந்தை நம்பியிருக்க, மகன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர வேண்டுமென்கிறான். ஆசிரியத் தொழிலைப் பற்றித் தந்தை அங்கே சொல்வதைப் படிக்கும்போது நம் போன்ற வாத்தியார்கள் சிரித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை; கெய்ரோவிலும் நம் மதிப்பு அவ்வளவுதான். மற்றொன்று, டார்வின் கொள்கையைப் பற்றிக் கமால் ஒரு வார இதழில் எழுதிய கட்டுரை தந்தையின் கையில் கிடைப்பது. அவர் கத்துவதில்லை. ஆதம் நபியின் கதி என்ன என்று கலங்கிப்போய்க் கேட்கிறார். ஃபஹ்மீயிடம் குர்ஆனை நீட்டி ஆணையிட்டவர், கமாலிடம் கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டார். அரசியல் மாறியதை முதற்பாகம் காட்டியது. மனங்கள் மாறியதை இந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது. கமாலின் ஐயங்களை நாம் ஏற்கவில்லை. ஆனால் ஐயுறும் மகனுக்கு முன் வெறும் அதட்டல் மட்டுமே கற்ற ஒரு தகப்பன் எவ்வளவு வறியவனாக நிற்கிறான் என்பதை ஏற்காமல் இருக்க முடியாது.

மூன்றாம் பாகம் 1935இலிருந்து 1944வரை. இதில் ஓர் இடமாற்றம் நிகழ்கிறது. நோயில் தளர்ந்த செய்யிது அஹ்மது வீட்டோடு கிடக்கிறார். மஷ்ரபிய்யாவின் துளைகள் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு அவர் காத்திருக்க, அமீனா ஒவ்வொரு நாளும் ஹுசைன் பள்ளிவாசலுக்கும் பிற தலங்களுக்கும் சென்றுவிட்டு வீடு திரும்புகிறாள். எந்தச் சட்டமும் இயற்றப்படவில்லை. எவரும் எவரையும் வெல்லவில்லை. மகனின் மரணமும் வயதும் அந்தச் சாளரத்தின் இருபுறத்தையும் மாற்றிப் போட்டுவிட்டன. 1936ஆம் ஆண்டு ஆங்கில எகிப்து உடன்படிக்கையைப் பற்றி ஆயிரம் கட்டுரைகள் இருக்கலாம். அக்காலத்தில் ஒரு வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கு இந்தச் சாளரம்தான் ஆவணம்.

ஷாஹிதாகிய கமால் என்ன ஆனான்? ஆரம்பப் பள்ளியில் ஆசிரியனானான். எதைக் கற்பிக்கிறான் என்பதில் ஆசிரியரின் குறும்பு இருக்கிறது: ஆங்கில மொழியை. மணம் செய்யாமல், எதையும் உறுதியாக நம்பாமல், தத்துவக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருக்கிறான். 1935 நவம்பர் 13ஆம் நாள் வஃப்து கட்சியின் பெருங்கூட்டத்தில் மட்டும் தன்னை மறந்து மக்களோடு ஒன்றாகிறான். பிறகு மறுபடியும் ஓரத்துக்கு வந்துவிடுகிறான். தம் சாட்சியின் மீதே மஹ்பூழ் சாட்சி சொல்லும் இடம் இது. பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு வாழ நேரமில்லாமற் போயிற்று. அண்ணன் இருபது வயதுக்குள் செய்து முடித்ததைத் தம்பியால் நாற்பதை நெருங்கியும் செய்யவோ மறுக்கவோ முடியவில்லை.

கமாலின் கிறித்தவ நண்பனாக ரியாள் கல்தஸ் என்றொரு கிப்தி வருகிறான். கிப்திகள் எகிப்தின் தொன்மையான கிறித்தவச் சிறுபான்மையினர். 1919இல் பிறையும் சிலுவையும் ஒரே கொடியில் நின்றன. அஸ்ஹரின் மிம்பரில் கிறித்தவப் பாதிரியார் ஏறிப் பேசினார். அந்த நினைவைத் தாங்கி நின்ற வஃப்து கட்சியிலிருந்து, 1942இல், அதன் முதன்மையான கிப்தித் தலைவர் மக்ரம் உபைது வெளியேற்றப்பட்டார். நாடு விடுதலை பெறும்போது என்னைப் போன்றோர் எங்கே நிற்போம் என்னும் கவலை ரியாளின் பேச்சில் அடங்கிய குரலில் ஒலிக்கிறது. பெரும்பான்மையில் பிறந்த கமாலுக்கு அக்கவலை அதுவரை தோன்றியதே இல்லை. இந்தியாவில் சிறுபான்மையினராக வாழும் நமக்கு அந்தக் குரல் புதிதன்று. ஆனால் ஒரு முஸ்லிம் எழுத்தாளர் அதைத் தம் நாட்டுச் சிறுபான்மையினனின் வாயில் வைத்து, நேர்மையாக, பரிவோடு எழுதியிருக்கிறார். நூலை வேண்டாமென்று ஒதுக்குவோர் இப்பகுதியை மட்டுமாவது படிக்கலாம்.

பேரப்பிள்ளைகளைப் பற்றி நம் மதிப்பீடு அவ்வளவு உயர்வானதன்று. கதீஜாவின் மக்கள் இருவருள் அப்துல் முன்இம் இஃக்வானுல் முஸ்லிமூன் இயக்கத்தில் சேர்கிறான். தம்பி அஹ்மது பொதுவுடைமைவாதி ஆகிறான். இருவரும் கைதாகி ஒரே கொட்டடியில் அடைபடுவது வரலாற்றுக்கு ஒத்தது, நயமும் உடையது. எனினும் இவ்விருவரும் தங்கள் தாத்தாவைப் போல இரத்தமும் சதையுமாக நிற்கவில்லை. கூட்டத்தில் ஏந்திய பதாகைகளைப் போல நிற்கிறார்கள். காரணம், முன்னே சொன்ன ஃபிக்ஹு விதியில் இருக்கிறது. 1919ஐ மஹ்பூழ் கண்டார். இளைய தலைமுறையின் இயக்கங்களைப் பற்றிப் பெரும்பாலும் கேட்டறிந்திருக்கிறார். கேட்ட சாட்சியம் கண்ட சாட்சியத்தின் கனத்தைப் பெறாது.

இன்னொரு குறையும் உண்டு. 1919இல் எகிப்தின் கிராமங்கள் தண்டவாளங்களைப் பெயர்த்தெறிந்தன. போர்க்காலத்தில் இலட்சக்கணக்கான உழவர்கள் ஆங்கிலேயரின் தொழிலாளர் படைக்குப் பிடித்துச் செல்லப்பட்டதும், அவர்களுடைய கால்நடைகளும் தானியமும் பறிக்கப்பட்டதும் அந்தக் கொதிப்பின் காரணங்கள். இம்முந்நூலில் உழவன் முகமே இல்லை. நகரத்து நடுத்தர வணிகனின் சாளரம் நைல் வயல்களை நோக்கித் திறக்கவில்லை. காணாததை எழுதவில்லை என்பது சாட்சியின் நேர்மை. ஆனால் இதை எகிப்தின் முழு வரலாறாக எடுத்துக்கொள்வது வாசகரின் பிழையாகும்.

மொழிநடை பற்றி ஒரு சொல். கெய்ரோக் கடைத்தெருவின் பேச்சு வழக்கு அங்காடிச் சுவை மிக்கது. அதில் உரையாடலை எழுதுங்கள் என்று பலர் வற்புறுத்தியும் மஹ்பூழ் இசையவில்லை; பாடகியும் மளிகைக்காரரும் சிறுவனும் ஃபுஸ்ஹா என்னும் செவ்வியல் அரபியிலேயே பேசுகின்றனர். தமிழில் இத்தகைய வழக்காறு வேறு விதமாகத் தீர்ந்தது. இன்று எவரும் கதைமாந்தரைச் செந்தமிழில் பேசவைப்பதில்லை. ஆனால் மஹ்பூழின் செவ்வியல் நடைக்குள் தெருவின் மூச்சு எப்படியோ புகுந்திருக்கிறது. வாக்கியம் இலக்கணத்தில் நிற்கும்; அதன் ஏற்ற இறக்கம் கெய்ரோக்காரனுடையது. மராக்கிஷிலிருந்து பக்தாத் வரைக்கும், ஏன், நம் மத்ரஸாவில் ஓதிய ஒருவர் வரைக்கும் இந்நூல் எட்டுவதற்கு அந்தப் பிடிவாதமே காரணம். 1990இலிருந்து 1992க்குள் மூன்று பாகங்களும் ஆங்கிலத்தில் வந்துவிட்டன. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் அதன்வழி கதையை அடையலாம். குர்ஆன் வசனங்களின் எதிரொலி அமீனாவின் சாதாரணப் பேச்சில் ஒலிப்பதை அங்கே எதிர்பார்க்க இயலாது.

நஹ்வும் ஸர்ஃபும் முடித்து, ஹதீஸ் வகுப்புக்கு வந்துவிட்ட மாணவர்கள் அகராதியின் துணையோடு முதற்பாகத்தை ரமளான் விடுமுறைக்குப் பிறகு கையிலெடுக்கலாம். அமீனா விளக்கோடு காத்திருக்கும் தொடக்கப் பகுதியில் வீட்டுப் பொருள்களின் பெயர்கள் நிறைய வரும். அங்கே மலைத்து நின்றுவிட வேண்டா. வக்காலத்துத் தாள் கடைக்கு வரும் அத்தியாயத்தை எட்டிவிட்டால் பிறகு நூலே இழுத்துக்கொண்டு போகும்.